பிறந்த வீட்டுக்குப் போன சொரசொரப்பு

ஓடைத்தங்கலை விட்டுச் சொரசொரப்பு போய்விட்ட அந்தக் கோடையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேட்டால், எங்கள் ஊர் தீப்பெட்டி ஊர் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லுவோம், ஏனென்றால் வேறு எந்த ஊரை விட்டு அது போயிருந்தாலும் நாலு பேர் வழுக்கி விழுந்ததோடு கதை முடிந்திருக்கும். எங்கள் பக்கம் வானம் பார்த்த கரிசல். வானம் ஏமாற்றி ஏமாற்றி, கடைசியில் ஊரே தீப்பெட்டி ஆபீஸுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அங்கே போர்மேன் சங்கரலிங்கம் பெட்டியின் பக்கவாட்டில் பூசிய மருந்துப் பட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, ரஃப் பத்தாது என்று ஒதுக்கி வைப்பார், அல்லது ரஃப் இருக்கு என்று தலையாட்டுவார். அந்த வார்த்தையை அவருக்கு யார் கொடுத்தார்களோ தெரியாது, ஆனால் அவர் வாயிலிருந்து இறங்கி அது ஊர் முழுக்க நடமாடியது: பிள்ளைகள் கணக்குப் போட்டு அடிப்பது ரஃப் நோட்டு, மாமியாரை எதிர்த்துப் பேசுகிறவள் ரஃப்பான பொம்பளை, ஆட்களைக் குலுக்கி எடுக்கிற பஸ் டிரைவர் ரஃப்பா ஓட்டுகிறவர், கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னால் அது ரஃப் கணக்கு. அது இங்கிலீஷ் என்று ஒருவருக்கும் நினைப்பில்லை, மிளகாயும் கம்பும் மாதிரி எங்கள் காட்டில் விளைந்தது என்றுதான் இருந்தோம்.

அந்த ரஃப் அதிகமாக இருந்தது பெண்களின் கையில்தான். குச்சி அடுக்கி அடுக்கி, பசை காய்ந்து காய்ந்து, மருந்து பட்டுப் பட்டு, ஆபீஸுக்குப் போகும் பெண்களின் விரல்கள் உப்புத்தாள் ஆகியிருந்தன. தை மாசத்தில் செண்பகக்கனிக்கு நிச்சயம் பண்ண வந்தவர்கள் தட்டோடு பட்டுப்புடவையை நீட்டியபோது, அவள் வாங்கிய வாக்கிலேயே விரலில் ஓர் இழை மாட்டி, சபை பார்க்கப் பார்க்க முந்தியிலிருந்து கரை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. மாப்பிள்ளையின் அம்மா இழையைப் பார்த்தாள், பெண்ணின் கையைப் பார்த்தாள், தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். சாப்பிடாமலேயே போனார்கள். செண்பகக்கனி அதற்குப் பிறகு ஆபீஸில் யாரோடும் பேசாமல், குனிந்த தலை நிமிராமல் குச்சி அடுக்கினாள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெயிலுகந்தாள் கோயிலில் பங்குனிப் பொங்கல் முடிகிற அன்றைக்கு, ஊர் மொத்தமும் கூடி நின்று ஒரே குரலில் ஒரே ஒரு வரம் கேட்கும். தனித்தனியாக வேண்டிக்கொள்வது அவளுக்கும் அவரவருக்கும் உள்ள சங்கதி, அவள் கொடுத்தாலும் கொடுப்பாள், கொடுக்காமலும் இருப்பாள். ஊராகக் கேட்டதை மட்டும் அவளால் தட்ட முடியாது. ஆனால் வருஷத்துக்கு ஒன்றுதான், கேட்டதை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. வருஷா வருஷம் ஆண்கள் மழை கேட்பார்கள், அவளும் கொடுப்பாள், எந்த ஊருக்கு என்று சொல்லாததால் அது தேனிப் பக்கம் போய்ப் பெய்துவிடும். அந்த வருஷம் பெண்கள் முன்னால் வந்து நின்று, இந்தத் தடவை நாங்கள் கேட்கிறோம் என்றார்கள். கையைப் பற்றி ஆண்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் கை என்று சொல்லாமலே, இந்தச் சொரசொரப்பு எங்களுக்கு வேண்டாம் தாயே என்று ஒரே குரலில் கேட்டார்கள். சொரசொரப்பை விற்றுச் சோறு தின்கிற ஊர் அதை வேண்டாம் என்று சாமியிடம் கேட்டது உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும், அந்த நேரத்தில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. கூட்டத்தில் எல்லாரையும்விட உரக்கக் கேட்டவள் வெள்ளத்தாய்.

வெள்ளத்தாய் குருவையாவின் மனைவி. குருவையா ஆபீஸில் மருந்து கலக்குகிறவராக இருந்து, ஒரு நாள் மருந்து தீப்பிடித்ததில் இரண்டு கண்ணையும் இழந்தவர். அதற்குப் பிறகு அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய கட்டையில் குச்சி அடுக்குவார், பெண்கள் போகிற வழியில் நிரம்பிய கட்டையை வாங்கிக்கொண்டு காலிக் கட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள், விரல் பட்ட மாத்திரத்தில் அவர் இன்னார் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவருக்கு உலகம் என்பது விரலுக்கு அடியில் இருப்பது. பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில், சாயங்காலம் வெள்ளத்தாய் ஆபீஸிலிருந்து வந்து அவர் கையைப் பிடித்தால் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி. தன் கை மெத்தென்று இருந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்ற ஆசையில்தான் அவள் அத்தனை உரக்கக் கேட்டாள்.

மறுநாள் காலையில் சொரசொரப்பு ஊரில் இல்லை. அம்மியில் வைத்த மிளகாய் அரைபடாமல் முழுசாக வழுக்கிக்கொண்டு ஓடியது, கட்டின பூ நாரை விட்டு உதிர்ந்தது, கயிற்றுக் கட்டில்கள் முடிச்சு அவிழ்ந்து ஆட்களைத் தரையில் இறக்கிவிட்டன, கரும்பலகையில் சாக்கட்டி எழுதவில்லை, பனையேறப் போனவர்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்கள், காலை பஸ் எங்கள் ஊரில் நிற்க நினைத்துப் பக்கத்து ஊரில் போய் நின்றது. ஆண்கள் எல்லாரும் ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடியே நடந்தார்கள், அந்த ஒரு காட்சிக்காகவே வரம் வீண்போகவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். சேவல் கூவியது நாதஸ்வரம் மாதிரி இருந்தது. பூனை நக்கினால் கன்றுக்குட்டி நக்கியது போலக்கூட இல்லை, வெண்ணெய் பட்டது போல இருந்தது.

பெண்கள் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்கு முழுக்க ஒருவர் கன்னத்தை ஒருவர் தடவிப் பார்த்துச் சிரித்தார்கள், பெட்டியில் கிடந்த கல்யாணப் புடவைகளை எடுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டு ஒரு இழைகூட மாட்டவில்லை என்று அழுதார்கள். கேட்டது கிடைத்த ஊரில் இருப்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு அதற்கு முன்னால் தெரியாது. கோயில் பக்கம் போகவே பயமாக இருந்தது, அவள் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டதால்.

பழகிக்கொள்வதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. தலையில் நிறைகுடம் இருக்கிறது என்று நினைத்து நடந்தால் வழுக்காது என்று ஒருவர் கண்டுபிடிக்க, ஊரே அப்படி நடந்தது. எல்லாரும் ஒரே மாதிரி நடந்தார்கள், குரலில் இருந்த கரகரப்பும் போய்விட்டதால் எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள். வசவு வாயிலிருந்து புறப்பட்டு எதிராளி மேல் படாமல் வழுக்கிப் போனது; குழாயடியில் தலைமுறையாகச் சண்டை போட்ட குடும்பங்கள், நீங்க பிடிங்க, இல்லை நீங்க பிடிங்க என்று குடத்தை வைத்துக்கொண்டு நின்றன. குத்துமதிப்பு என்பது ஊரை விட்டே போய்விட்டதால், கடைக்காரர் ஒரு கை பயறு அள்ளச் சொன்னாலும் விழித்தார். வெளியூரிலிருந்து இந்த ஊர்ப் பெண்களின் கையைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள், வந்தவர்கள் வீட்டிலே பையன் இருக்கிறான் என்று பேச்சை எடுத்தார்கள். செண்பகக்கனிக்கு முன்னால் வந்ததைவிட நல்ல இடம் அமைந்து, ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

நெருப்பு மட்டும் வரவில்லை. பெட்டியில் குச்சியை உரசினால் எண்ணெய் தடவின மாதிரி போய் வந்தது. அடுக்கின குச்சி கட்டையில் நிற்காமல் சரிந்தது. போர்மேன் சங்கரலிங்கம் ஒரு பெட்டியை நாளெல்லாம் கட்டைவிரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஆபீஸை மூடினார்கள். இந்தத் தேசத்துக்கெல்லாம் அடுப்புப் பற்றவைத்த ஊர், பக்கத்து ஊரிலிருந்து சட்டியில் கங்கு வாங்கிவந்து, ஒரு வீட்டு அடுப்பிலிருந்து மறு வீட்டுக்கு மாற்றிப் பொங்கித் தின்றது.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்போம். குருவையாவின் வீட்டில் நடந்ததுதான் பொறுக்கவில்லை. வரம் கிடைத்த அன்று வெள்ளத்தாய் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, யாரு தாயி, வெள்ளத்தாய் வெளியே போயிருக்கா, வந்திருவா என்றார். அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்பு ஊரில் எல்லாருடைய சிரிப்பாகவும் இருந்தது. நான்தான் என்று அவள் சொன்ன குரலும் அப்படியே. நாள் போகப் போக, ஆபீஸை மூடியதில் அவள் மேலிருந்த பசை வாசமும் மருந்து வாசமும் போயின, நடையும் ஊர் நடை ஆயிற்று. கட்டிலை, சுவரை, ஊன்றுகோலைத் தடவிப் பார்த்தார், எதுவும் எதுவாகவும் இல்லை. இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சங்கதிகளை அவள் சொன்னாள், கல்யாணமான புதுசில் ஓடையில் நடந்ததைச் சொன்னாள், கண் போன அன்று ஆஸ்பத்திரியில் அவர் என்ன சொல்லி அழுதார் என்பதைச் சொன்னாள். குருவையா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"எல்லாத்தையும் உங்ககிட்டச் சொல்லி அனுப்பிச்சிருக்கா. நீங்க நல்லவுகதான் தாயி. ஆனா அவ எங்க போயிட்டான்னு மட்டும் சொல்லுங்க."

அதற்குப் பிறகு அவள் போட்ட சோற்றை அவர் அந்நிய வீட்டுச் சாப்பாடு மாதிரி கூச்சப்பட்டுத் தின்றார். அவள் உள்ளே படுத்தால் அவர் வாசலில் படுத்தார். தெருவில் போகிற காலடி ஒவ்வொன்றுக்கும் தலையைத் தூக்கிக் கேட்டார், எல்லாக் காலடியும் ஒன்றாக இருந்ததால் ஒவ்வொன்றுக்கும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து வந்து போனது. புருஷன் உயிரோடு பக்கத்தில் இருக்க, வெள்ளத்தாய் தனியாகிப் போனாள். ஒல்லியாகிக்கொண்டே போன அவரைப் பார்த்து, இந்தக் கோடை தாண்டாது என்று ஊர் பேசிக்கொண்டது.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். வரத்தைத் திருப்பிக் கேட்கிற வழி இல்லை என்று பூசாரி சொல்லிவிட்டார். அந்தக் கூட்டத்துக்குப் பள்ளிக்கூடத்து ஜெயசீலி டீச்சரும் வந்திருந்தார். நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து இங்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர், வழுவழுப்பு வந்ததிலிருந்து எழுத முடியாமல் வாயாலேயே பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அவர்தான் அந்த வார்த்தையின் பூர்வீகத்தைச் சொன்னார். ரஃப் என்பது வெள்ளைக்காரர்களுடைய ரொம்பப் பழைய வார்த்தையாம், அப்போது அதற்கு இரண்டே அர்த்தம்தானாம்: முடி மண்டின தோல், ஏர் படாத நிலம். கொந்தளிக்கிற கடலும் கரகரத்த குரலும் முரட்டு ஆளும் குத்துமதிப்புக் கணக்கும் அடித்துத் திருத்துகிற நோட்டும் பிற்பாடு ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டவையாம். எத்தனை வீட்டுக்குப் போனாலும் பிறந்தது அந்த இரண்டிலும்தான் என்று டீச்சர் சொல்லி நிறுத்தினார்.

வெள்ளத்தாய் எழுந்தாள்.

"வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொன்னோம். கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிருக்கு. வேற எங்க போகும்?"

இது எல்லாருக்கும் புரிந்தது. எங்கள் ஊரில் கோபித்துக்கொண்டு போன பெண்ணை அழைத்துவர ஒரு முறை இருக்கிறது: யார் வாயிலிருந்து போ என்ற சொல் வந்ததோ அவர்களேதான் தட்டோடு போக வேண்டும், வெயில் உச்சியில் நடந்துபோக வேண்டும், குற்றம் யாருடையது என்று வழியில் பேசக் கூடாது. சாமியிடம் திருப்பிக் கேட்பது அல்ல அது, போனவளைப் போய்க் கூப்பிடுவது, அதை எந்தச் சாமியும் தடுப்பதில்லை என்று பூசாரியும் ஒத்துக்கொண்டார். ஏர் படாத நிலம் எங்கள் எல்லையில் ஒன்றுதான் இருந்தது, இரண்டு குடும்பத்து வழக்கில் எந்தக் காலத்திலோ சிக்கி இன்றுவரை கலப்பையே காணாத மேலத்தரிசு.

செண்பகக்கனி மட்டும் முடியாது என்றாள். தன் கைகளை இடுப்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள், கல்யாணம் பேசி முடித்த மற்றப் பெண்களும் அவள் பக்கம் போய் நின்றார்கள். பழையபடி சபையில் கையை நீட்டி அவமானப்பட எங்களால் ஆகாது என்று அவள் சொன்னாள், வழுவழுத்த குரலில்தான் சொன்னாள், இருந்தும் அது எல்லாருக்கும் தைத்தது. வெள்ளத்தாய் அவளைத் திட்டவில்லை. உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம், கூட மட்டும் வா, கேட்டதில் உன் குரலும் இருந்தது என்றாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது பெண்கள் தட்டோடு புறப்பட்டார்கள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், உதிரிப் பூ. வழுக்குகிற தட்டுகளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, நிறைகுடம் சுமக்கிற நடையில், பேசாமல் போனார்கள். ஆண்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் பின்தொடர்ந்தார்கள்.

மேலத்தரிசில் முடி முளைத்திருந்தது. கரிசல் நிறத்தில், புழுதி கலந்து, ஆட்டு முதுகில் கிடப்பது போல அடர்ந்து சிக்குப்பட்டு, வேலமுள்ளும் நெருஞ்சியும் சிக்கி, நிலம் முழுக்க முடி. மூச்சு விட்டுக்கொண்டிருந்தது நிலம், ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. வரப்பில் நின்ற பெண்கள் காதைக் கொடுத்தபோது, அதற்குள்ளிருந்து ஊர் கேட்டது: சேவல்களின் பழைய கரகரப்பு, அம்மியில் மிளகாய் நசுங்குவது, குழாயடி வசவுகள், செத்துப்போனவர்களின் இருமல்கூட, எல்லாம் அந்த முடிக்கடியில் முனகிக்கொண்டிருந்தது. இத்தனையும் நம் மேல்தான் இத்தனை நாளும் இருந்ததா என்று வியந்து, ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் செருப்பைக் கழற்றினார்கள்.

பெரியவர்கள் முறைப்படி கூப்பிட்டார்கள். வந்துருங்க தாயி, மனசுல வச்சுக்காதீங்க என்று இனிப்பாகச் சொன்னார்கள், அந்தச் சொல் ஒன்றும் அந்த முடியில் ஒட்டவில்லை. வெள்ளத்தாய் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே நடந்தாள். முட்டி வரைக்கும் முடி வந்தது. நடுவில் போய் மண்டி போட்டு, இரண்டு கையையும் அதற்குள் விட்டாள்.

"நல்லாருக்கணும்னு ஆசப்பட்டோம், அது தப்பில்ல. உன்னையப் போகச் சொன்னதுதான் தப்பு. நீ இல்லாம ஊர்ல நெருப்புப் பத்தல. எம் புருசனுக்கு என்னைய யாருன்னே தெரியல. வீட்டுக்கு வா."

ஈ விரட்டும் மாட்டின் தோல் சிலிர்ப்பது மாதிரி நிலம் சிலிர்த்தது. பிறகு முடி குறைந்தது. ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, அவள் கைகளை நோக்கி, குறைந்து குறைந்து வந்து, கடைசியில் பாளம் பாளமாக வெடித்த வெறும் கரிசலில் வெள்ளத்தாய் மண்டி போட்டிருந்தாள். அவள் எழுந்து கையை வீசியபோது காற்றே கரகரத்தது. பழக்க தோஷத்தில் கொண்டையில் குச்சி சொருகி வைத்திருந்த ஒருத்தி, ஒரு குச்சியை உருவி அவள் உள்ளங்கையில் உரசினாள். உச்சி வெயிலில் சுடர் கண்ணுக்குத் தெரியவில்லை, கந்தக வாசம்தான் வந்தது, அந்த வாசத்துக்கு ஊரே நின்ற இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டது.

கோயில் வாசலில் வெள்ளத்தாய் உள்ளங்கைகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊர் வரிசையில் வந்து தொட்டு, அவரவருக்கு உரியதை வாங்கிக்கொண்டது. அம்மியைத் தூக்கி வந்தார்கள், சேவலைப் பிடித்து வந்தார்கள், பஸ் டிரைவர் டயரை உருட்டி வந்தார், டீச்சர் சாக்கட்டி கொண்டுவந்தார், போர்மேன் தன் கட்டைவிரலை நீட்டினார். வாங்கிய மாத்திரத்தில் குழாயடிக் குடும்பங்கள் வரிசையிலேயே சண்டை போட்டுக்கொண்டன, எங்களுக்கு அதைக் கேட்கக் கேட்க இனித்தது. கடைசியில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் வந்தார்கள். செண்பகக்கனி தொடவில்லை.

"எம் பங்க நீங்க வச்சுக்கிருங்கத்த. என்னைக்காவது வேணும்னா வந்து வாங்கிக்கிறேன்."

வெள்ளத்தாய் சரி என்றாள். மற்றப் பெண்களும் அப்படியே சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார்கள். அவள் சரி சரி என்று எல்லாருக்கும் தலையாட்டினாள். தன் பங்கு எது, அவர்கள் பங்கு எது என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, எல்லாம் ஒன்றாகக் கலந்து அவள் இரண்டு கையிலும் கிடந்தது. தனக்கென்று அவள் எடுத்துக்கொள்ளாததால் அவள் குரல் இன்னும் வழுவழுவென்றே இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது குருவையா வாசலில் இருந்தார். தெருவில் காலடிகள் எல்லாம் வேறு வேறாகிவிட்டதில் அவருக்குப் பாதி உயிர் வந்திருந்தது, ஆனால் இந்தக் காலடி மட்டும் ஊர் நடையாகவே வந்ததால், வாங்க தாயி என்று நகர்ந்து இடம் விட்டார். வெள்ளத்தாய் வாயைத் திறக்கப் பயந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையை அவர் கையில் வைத்தாள்.

அவர் திடுக்கிட்டார். விரல்கள் அவள் உள்ளங்கையில் மெல்ல நகர்ந்தன. செண்பகக்கனி என்றார். தலையை ஆட்டிவிட்டு, இல்ல, சீனித்தாய் என்றார். சுண்டுவிரலுக்குக் கீழே வந்து ராமுத்தாய் என்றார், நடுவிரலில் நின்று இன்னொருத்தி பெயரைச் சொன்னார். காலிக் கட்டை கொடுத்துவிட்டுப் போன பெண்களில் தங்கள் பங்கை வாங்காமல் விட்டவர்கள் எல்லாரும் அந்தக் கைக்குள் இருந்தார்கள், அவர் ஒவ்வொருத்தியாகத் தொட்டு, பெயர் சொல்லி, விலக்கி விலக்கி உள்ளே போனார். தான் அங்கே இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் வெள்ளத்தாய்க்கு அப்போதுதான் வந்தது. கட்டைவிரலுக்குக் கீழே மேடிட்ட இடத்தில் அவர் விரல் போனது, கடந்தது, திரும்பி வந்தது, நின்றது.

"இந்தா இருக்க," என்றார் குருவையா. "இம்புட்டுக் கூட்டத்துக்குள்ள எதுக்குடி போயி நின்ன?"

வெள்ளத்தாய் அழுதாள், கரகரவென்று, தெரு முழுக்கக் கேட்கும்படி.